எஃப்5 அமுக்கறதுக்கு முன்னாடி

பதிவு போட்டு மூணு மாசம் ஆச்சு. "ஆள் இருக்கானா, கடையை மூடிட்டானா"ன்னு ரெண்டு பேர் மடல் போட்டுக் கேட்டிருந்தீங்க. இருக்கேன், யாங்கோன்லதான் இருக்கேன். ஒரு தப்பு பண்ணிட்டு, அதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சே நாள் ஓடிப்போச்சு. இப்ப எழுதிடறேன்.

எச்சரிக்கை: கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும். நிரல் எழுதத் தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம், ஏன்னா தப்பு பண்ணினது நிரல் இல்ல, நான் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் குடியிருக்கிற கட்டடத்துல கீழ்த்தளத்தில ஒரு சின்னக் கடை. அதை நடத்தற அக்கா நாலு தலைமுறையா ரங்கூன்காரங்க. பேச்சு தமிழ், எழுத்து பர்மியம். இங்க பல தமிழ்க் குடும்பங்கள்ல அப்படித்தான். அவங்க அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆகுது. மனுஷன் கடைசிக் காலத்துல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து தன் கதையை முழுக்க பர்மிய மொழியில தட்டி வச்சிருக்கார். தாத்தா வந்து இறங்கின கதை, 1964-ல நே வின் அரசாங்கம் கடைகளை எல்லாம் எடுத்துக்கிட்டப்ப இவங்க கடையும் போன கதை, சொந்தக்காரங்க கப்பலேறி மெட்ராஸ் போன கதை. மொத்தம் 214 கோப்பு.

எல்லாமே பழைய ஸோஜி எழுத்துருவில அடிச்சது. அக்காவோட புது போன்ல திறந்தா எழுத்து எழுத்தா சிதறித் தெரியுது. "தம்பி, கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளதானே, இதை போன்ல படிக்கிற மாதிரி ஆக்கித் தர முடியுமா?"ன்னு கேட்டாங்க. "பத்து நிமிஷ வேலைக்கா"ன்னேன். இங்க மாடி வீடுகள்ல இருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில கிளிப் மாட்டி. அக்கா பென் டிரைவை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு அதுல மாட்டிவிட, நான் நாலாவது மாடியில இருந்து இழுத்து எடுத்துக்கிட்டேன்.

ஸோஜின்னா என்னன்னு ஒரு பத்தியில சொல்லிடறேன். நம்ம மூத்த பதிவர்களுக்கு இது ரொம்பப் பழகின கதையாத்தான் இருக்கும். திஸ்கி காலம் ஞாபகம் இருக்கா? திஸ்கியில "கே"ன்னு அடிச்சா கொம்பு முதல்ல, ககரம் அப்புறம், கண்ணுக்குத் தெரியற வரிசையிலயே சேமிக்கும். யூனிகோடுல ககரம் முதல்ல, கொம்பு பின்னாடி. அதனாலதான் சுரதாவோட பொங்குதமிழ் மாதிரி மாற்றிகள் தேவைப்பட்டுச்சு. பர்மிய எழுத்துலயும் அதே மாதிரி எழுத்துக்கு முன்னாடி எழுதற ஓர் ஏகாரக் குறி உண்டு, அதே தலைவலியும் உண்டு. யூனிகோடுல பர்மியம் 1999-லயே சேர்ந்தாச்சு, 2008-ல 5.1 பதிப்புல சரிபண்ணியும் கொடுத்தாங்க. ஆனா நடுவுல வந்த ஸோஜி ஊர் முழுக்கப் பரவிடுச்சு. 2019 அக்டோபர் 1-ந் தேதியை "யூ டே"ன்னு குறிச்சு நாடே அதிகாரபூர்வமா யூனிகோடுக்கு மாறிச்சு.

நம்மூர் கதைக்கும் இவங்க கதைக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். திஸ்கி வேற எண்கள், யூனிகோடு வேற எண்கள். ரெண்டையும் கம்ப்யூட்டர் பிரிச்சுப் பார்க்கலாம். ஸோஜியோ யூனிகோடுல பர்மியத்துக்குன்னு கொடுத்த அதே எண்களை வேற அர்த்தத்துல பயன்படுத்துது. ஒரு கோப்பைப் பார்த்து "இது ஸோஜியா, யூனிகோடா"ன்னு நேரடியாச் சொல்ல வழியே இல்ல. கூகுள் வெளியிட்ட மியான்மர் டூல்ஸ் நிரல் தொகுப்புகூட எழுத்து வரிசையைப் பார்த்து "ஸோஜியா இருக்க வாய்ப்பு இவ்வளவு"ன்னு 0-க்கும் 1-க்கும் நடுவுல ஒரு எண்ணைத்தான் கொடுக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்ன பண்ணினேன்னு கேளுங்க.

பென் டிரைவ் ஃபோல்டரை அப்படியே எடிட்டர்ல திறந்தேன். பைத்தான்ல இருபது வரி ஸ்கிரிப்ட். ஒவ்வொரு கோப்பாத் திற, ஸோஜியை யூனிகோடா மாத்து, அதே பேர்ல எழுது. எடிட்டர்ல ஒரு சிவப்புக் கோடு கிடையாது. எஃப்5.

96 கோப்பு முடிஞ்சு 97-ல நின்னுடுச்சு. அந்தக் கோப்பை நோட்பேட்ல "யூனிகோடு"ன்னு தேர்ந்தெடுத்து சேமிச்சிருக்கார். பழைய நோட்பேட்ல அதுக்கு அர்த்தம் யூடிஎஃப்-16. நான் யூடிஎஃப்-8-னு திறந்தேன். ரெண்டு வரி சேர்த்தேன். எஃப்5.

இந்தத் தடவை 151-ல நின்னுச்சு. படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பு, எழுத விடமாட்டேங்குது. எது அந்தக் கோப்புன்னு பார்க்க, திறக்கறதுக்கு முன்னாடி பேரை அச்சிடற மாதிரி ஒரு வரி சேர்த்தேன். எஃப்5.

12-வது கோப்புலயே விழுந்துச்சு. அதோட பேர் பர்மிய எழுத்துல இருந்துச்சு, எடிட்டரோட அவுட்புட் பலகைக்கு அது தாங்கல. அதையும் சரி பண்ணினேன். எஃப்5. கடைசி வரைக்கும் ஓடி "முடிந்தது"ன்னு வந்துச்சு. கைதட்டல்.

கணக்குப் போட்டுட்டீங்களா? முதல் 11 கோப்பு நாலு தடவை மாறியிருக்கு. 12-ல இருந்து 96 வரைக்கும் மூணு தடவை. 97-ல இருந்து 150 வரைக்கும் ரெண்டு தடவை. சரியா ஒரே தடவை மாறினது கடைசி 64 மட்டும்.

ஏற்கெனவே யூனிகோடா ஆனதை மறுபடி மாத்தினா என்ன ஆகும்? தமிழ்ல சொல்றேன். கொம்பை அடுத்த எழுத்துக்குப் பின்னாடி தள்ளறதுதான் மாற்றியோட வேலை. "பேரன்" சரியா இருக்கு. இன்னொரு தடவை ஓட்டினா "பரேன்". இன்னொரு தடவை ஓட்டினா கொம்பு இன்னும் ஒரு எழுத்து நடந்து போயிருக்கும். அது மட்டுமில்ல. பர்மியத்துல நம்ம புள்ளி மாதிரி ஒரு குறி இருக்கு. ஸோஜியில அதோட எண்ணும், கூட்டெழுத்துல வர்ற ய, ர, வ, ஹ குறிகளோட எண்களும் யூனிகோடை விட ஒண்ணு ஒண்ணு குறைவா இருக்கும். அதனால ஒவ்வொரு ஓட்டத்துலயும் அந்த வரிசையே ஒரு படி நகரும். ரெண்டாவது தடவை ஓட்டினா புள்ளி யகரக் குறியாயிடும், மூணாவது தடவை ரகரக் குறியாயிடும். வரிசையோட கடைசியில ரெண்டு எழுத்து ஒண்ணா ஒட்டிக்கிட்டா, அப்புறம் எது எதுவா இருந்துச்சுன்னு எந்த நிரலாலயும் சொல்ல முடியாது.

நகல் எடுத்தியான்னு கேட்காதீங்க. எடுக்கல.

இப்ப என் கருத்து. எடிட்டருக்குள்ள இருந்தே ஸ்கிரிப்டை ஓட்டற வசதி கெட்டதுன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த பட்டன் இருக்கிற இடம் நம்ம மனசை ஏமாத்துது. எடிட்டருக்குள்ள நாம செய்யற எதையும் கண்ட்ரோல் இஸட் போட்டுத் திரும்ப எடுத்துடலாம். பத்து வரி அழிச்சாலும் பயமில்ல. வருஷக்கணக்கா அந்தப் பயமில்லாமையிலயே விரல் பழகிடுது. அதே ஜன்னல்ல, அதே வரிசையில ரன் பட்டனும் உட்கார்ந்திருக்கு. ஆனா அதோட விளைவு எடிட்டருக்கு வெளியில போய் விழுது. அங்க கண்ட்ரோல் இஸட் கிடையாது. விஷுவல் ஸ்டூடியோ கோடுல 2022-ல இருந்து கோப்போட பழைய நிலைகளைப் பத்திரப்படுத்தற வசதி இருக்கு. அது நாம எடிட்டர்ல திறந்து சேமிச்ச கோப்புக்குத்தான். நம்ம ஸ்கிரிப்ட் பின்னாடி போய்க் கிழிச்ச 150 கோப்பைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. நானும் தேடிப் பார்த்தேன், ஸ்கிரிப்டோட நாலு நிலையும் அழகா இருந்துச்சு. அப்பாவோட கதையோட ஒரு நிலைகூட இல்ல.

இந்தப் பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன். எழுதறது, மொழிபெயர்க்கறது, ஓட்டறது எல்லாத்தையும் ஒரே திரையில கொண்டுவந்து பிரபலப்படுத்தினது போர்லாண்டோட டர்போ பாஸ்கல், 1983-ல. நம்மூர் காலேஜ் லேப்ல படிச்சவங்க எல்லாருக்கும் அதோட தம்பி டர்போ சி-யோட நீலத்திரை தெரியும். அதுல ஆல்ட் எஃப்9 போட்டா கம்பைல் மட்டும். கண்ட்ரோல் எஃப்9 போட்டா ஓடும். லேப்ல மேடம் "முதல்ல ஆல்ட் எஃப்9, எரர் ஜீரோன்னு காட்டு, அப்புறம் ரன்"னு சொல்வாங்க. அப்ப எரிச்சலா இருக்கும். இப்ப நினைச்சா, சரிபார்க்கறதும் ஓட்டறதும் ரெண்டு வேற வேலைன்னு அந்த ரெண்டு சாவியும் விரலுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு.

பைத்தான் மாதிரி ஸ்கிரிப்ட் மொழிகள்ல தனியா கம்பைல்னு ஒரு படி நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதனால அந்த நிறுத்தமும் காணாமப் போச்சு. பைத்தானோட கூடவே வர்ற ஐடில் எடிட்டரை எடுத்துக்கங்க. அதுல எஃப்5 போட்டா முதல்ல இலக்கணம் சரியான்னு பார்த்துட்டுத்தான் ஓட்டும். ஓட்டாம சரி மட்டும் பார்க்க ஆல்ட் எக்ஸ்னு தனிச் சாவியும் இருக்கு. உங்கள்ல எத்தனை பேர் அதை அமுக்கியிருக்கீங்க? நான் இந்தப் பதிவுக்காகத்தான் முதல் தடவை அமுக்கினேன்.

சரி, சரிபார்த்தாப் போதுமா? அங்கதான் ரெண்டாவது ஏமாத்து வேலை. எடிட்டர்ல சிவப்புக் கோடு இல்லைன்னா அதுக்கு அர்த்தம் "இலக்கணப் பிழை இல்ல". "நான் சோத்தைச் சாப்பிட்டேன்", "சோறு என்னைச் சாப்பிட்டது", ரெண்டுக்கும் இலக்கணம் சரிதான். இலக்கணத்துக்கு மேல ஒரு படி போய் சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்டற லிண்ட் நிரலை 1978-ல பெல் லேப்ஸ்ல ஸ்டீபன் ஜான்சன் எழுதினார். இன்னைக்கு பைத்தானுக்கு பைலிண்ட், ஷெல்லுக்கு ஷெல்செக்னு எல்லா எடிட்டர்லயும் செருகிக்கலாம்.

அந்த மேல்படி எவ்வளவு முக்கியம்ங்கறதுக்கு ஒரு நிஜக் கதை. 2015 ஜனவரியில லினக்ஸ்ல ஸ்டீம் விளையாட்டுத் தளத்தைப் பயன்படுத்தினவர் ஒருத்தர் தன் கணினியில தனக்குச் சொந்தமான கோப்புகள் எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு புகார் கொடுத்தார். ஸ்டீமோட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்ல "இந்த மாறியில இருக்கிற ஃபோல்டருக்குள்ள எல்லாத்தையும் அழி"ன்னு ஒரு வரி. அந்த மாறி எப்படியோ காலியாப் போயிட்டா என்ன ஆகும்? வேர்ல இருந்து எல்லாத்தையும் அழின்னு ஆயிடும். அந்த வரிக்கு மேலயே எழுதினவர் "பயமா இருக்கு"ங்கற அர்த்தத்துல ஒரு குறிப்பு வேற போட்டிருந்தார்! பாஷ்ல இலக்கணம் மட்டும் பார்க்கற சோதனைக்கு அந்த வரியில ஒரு குறையும் தெரியாது. ஷெல்செக் இதே மாதிரி வரியைப் பார்த்தா "மாறி காலியா இருந்தா வேரையே அழிச்சிடும், ஜாக்கிரதை"ன்னு மஞ்சள் கோடு போடும்.

ஆனா என் ஸ்கிரிப்டை எந்த லிண்ட்டும் காப்பாத்தியிருக்காது. ஒரு தடவை ஓட்டினா அது சரியான ஸ்கிரிப்ட்தான். ரெண்டாவது தடவை ஓட்டினது நான். "இதை ரெண்டு தடவை ஓட்டினா என்ன ஆகும்?"ங்கற கேள்வியை இப்போதைக்கு எந்த எடிட்டரும் நம்மகிட்ட கேட்கறதில்ல. நாமதான் கேட்டுக்கணும்.

இன்னொரு விஷயம். சரிபார்க்கறதுன்னா ஓட்டாமப் பார்க்கறதுன்னு நாம நினைக்கிறோம். எப்பவும் அப்படி இல்ல. பெர்ல் மொழியில "சும்மா சரி மட்டும் பார்"னு கட்டளை கொடுத்தாலும், பிகின்னு தொடங்கற பகுதிகளை அது நிஜமாவே ஓட்டும். ஓட்டாம அந்த மொழியை முழுசாப் படிக்கவே முடியாது. 2019-ல விம் எடிட்டர்ல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்க. கோப்புக்குள்ள எடிட்டருக்குன்னு எழுதி வைக்கிற ஒரு அமைப்பு வரி மூலமா, கோப்பைத் திறந்தாலே கட்டளை ஓட வைக்க முடிஞ்சது. 2024-ல ஈமாக்ஸ்லயும் அதே கதை. லிஸ்ப் கோப்பைத் திறந்ததும் பிழை இருக்கான்னு தானாப் பார்க்கற வசதி, பார்க்கற சாக்குல கோப்புல இருக்கிறதை ஓட்டிடும்னு தெரிய வந்துச்சு. விஷுவல் ஸ்டூடியோ கோடுல புது ஃபோல்டர் திறந்தா "இதை எழுதினவங்களை நம்பறீங்களா"ன்னு ஒரு பெட்டி வருதே, 2021-ல இருந்து? நாம எல்லாரும் படிக்காமலே "ஆமா"ன்னு அமுக்கறோமே? அது இதுக்குத்தான். அடுத்தவங்க பென் டிரைவைத் திறக்கறப்பவாவது அதைப் படிங்க.

இப்ப அந்த 12-வது கோப்பு விவகாரம். தமிழ்ல வேலை பார்க்கற எல்லாருக்கும் இது ஒரு நாள் வரும். விண்டோஸ்ல கருப்புத்திரையில ஸ்கிரிப்டை ஓட்டினா தமிழ் எழுத்தை அச்சிடறதுல பைத்தானுக்குச் சிக்கல் இல்ல, 2016-ல வந்த 3.6 பதிப்புலயே சரி பண்ணிட்டாங்க. ஆனா அதே ஸ்கிரிப்டை எடிட்டரோட அவுட்புட் பலகையில ஓட்டினா நடுவுல ஒரு குழாய். குழாய்னு தெரிஞ்சதும், அந்தப் பதிப்பும் அதுக்கு அப்புறம் பல வருஷம் வந்த பதிப்புகளும் விண்டோஸோட பழைய குறிமுறைக்குப் போயிடும். அதுல தமிழும் கிடையாது, பர்மியமும் கிடையாது. உடனே விழும். ஒரே ஸ்கிரிப்ட், ஒரே கணினி, திரையில ஓடும், பலகையில ஓடாது. பைத்தான்யூடிஎஃப்8-ங்கற சூழல் மாறிக்கு 1-னு மதிப்பு கொடுத்தாப் போதும், சரியாயிடும்.

எங்க நிக்கிறோம்ங்கறதும் இதே மாதிரிதான். ஐடில்ல ஓட்டினா ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டர்தான் ஸ்கிரிப்ட் நிக்கிற இடம். விஷுவல் ஸ்டூடியோ கோடுல ஓட்டற பட்டனை அமுக்கினா, நீங்க எடிட்டர்ல திறந்து வச்ச மேல் ஃபோல்டர்ல நின்னு ஓட்டும், அமைப்பை மாத்தாத வரைக்கும். "இந்த ஃபோல்டர்ல இருக்கிற எல்லாக் கோப்பையும் மாத்து"ன்னு எழுதின ஸ்கிரிப்டுக்கு "இந்த"ங்கறது எதுன்னே பட்டனைப் பொறுத்து மாறும். இதை நினைச்சாத்தான் எனக்கு இப்பவும் வயித்தைக் கலக்குது.

இதைப் படிச்சுட்டு, "அதான் நாங்க எடிட்டர்ல ஓட்டவே மாட்டோம், எழுதறது எடிட்டர்ல, ஓட்டறது டெர்மினல்ல"ன்னு நம்ம டெர்மினல் சங்கத்து ஆளுங்க கிளம்பி வருவீங்க. தெரியும் :-) உங்ககிட்ட பாதி நியாயம் இருக்கு. டெர்மினல்ல நிக்கிற இடத்தோட பேர் கண் முன்னாடி தெரியும். கட்டளையை முழுசாத் தட்டணும், தட்டற அஞ்சு விநாடியில புத்தி வரும். ஆனா மேல் அம்பு அமுக்கி என்டர் தட்டற பழக்கம் வந்துட்டா அந்த அஞ்சு விநாடியும் போச்சு. நான் டெர்மினல்ல ஓட்டியிருந்தாலும் நாலு தடவை ஓட்டியிருப்பேன்.

அதோட, கத்துக்கற பசங்களுக்கு எடிட்டருக்குள்ள ஓட்டறதுதான் கதவைத் திறக்குது. எழுதினதும் ஓட்டிப் பார்க்கறது, தப்பு விழுந்த வரிக்கு ஒரே தட்டுல போறது, திருத்தி மறுபடி ஓட்டறது. இந்தச் சுத்து சின்னதா இருக்கிற வரைக்கும்தான் நிரல் எழுதறது சந்தோஷம். இங்க கரண்டும் நெட்டும் எப்ப வரும்னு தெரியாத ஊர்ல இதோட அருமை கூடுதலாத் தெரியும். கரண்ட் வந்ததும் தெருவே "மீ லா பீ"ன்னு கத்தும், "கரண்ட் வந்துடுச்சு"ன்னு அர்த்தம். அதுக்கப்புறம் கிடைக்கிற நேரத்துல எழுதி, நெட் இல்லாமலே எடிட்டர் பிழை காட்டி, அங்கயே ஓட்டிப் பார்க்கறது எங்களுக்குப் பெரிய வரம். அதை விட்டுடுங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நான் சொல்றது இவ்வளவுதான். அந்தச் சின்னச் சுத்துக்குள்ள நிஜப் பொருளை வைக்காதீங்க. திருத்து, ஓட்டு, திருத்து, ஓட்டுங்கற ஆட்டத்துக்கு அடிப்படை நம்பிக்கையே "ஓட்டினா ஒண்ணும் கெட்டுப்போகாது"ங்கறதுதான். கெட்டுப்போகக்கூடியதை உள்ளே கொண்டுவந்தா அந்த ஆட்டமே வேற ஆயிடுது, ஆனா விரலுக்கு அது தெரியாது.

இப்ப நான் எப்படி மாறியிருக்கேன்:

1. சரிபார்க்க ஒரு சாவி, ஓட்ட வேற சாவி. கோப்பைச் சேமிக்கும்போதே சரிபார்க்கும். ஓட்டறதுக்கு விரலை நீட்டணும்.

2. அடுத்தவங்க பொருளை அது இருக்கிற இடத்துல வச்சுத் தொடறதில்ல. முதல்ல நகல். மூலம் இருக்கிற ஃபோல்டருக்குப் படிக்க மட்டும் அனுமதி.

3. கோப்புகளை மாத்தற எந்த ஸ்கிரிப்டும் வேற ஃபோல்டர்லதான் எழுதும். அதே பேர்ல அதே இடத்துல எழுதவே எழுதாது. எத்தனை தடவை ஓட்டினாலும் விடை ஒண்ணுதான்.

4. எஃப்5 போட்டா வெள்ளோட்டம் மட்டும். "இன்ன இன்ன கோப்பை இப்படி மாத்தப் போறேன்"னு சொல்லிட்டு நின்னுடும். நிஜமா மாத்தணும்னா டெர்மினல்ல போய் "நிஜமா"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக் கையால தட்டணும்.

5. ஸ்கிரிப்டோட முதல் வரியிலயே எங்க நிக்கிறோம், எந்த பைத்தான் ஓடுதுன்னு அச்சிடும்.

ஒண்ணும் பெரிய கண்டுபிடிப்பு இல்ல. எல்லாரும் எங்கேயாவது படிச்சதுதான். நானும் படிச்சிருந்தேன்.

அக்காகிட்ட போய்ச் சொன்ன கதையைச் சொல்லாம விட்டா இந்தப் பதிவு பாதிப் பொய். ரெண்டு நாள் கீழே இறங்காம பின் படிக்கட்டு வழியாப் போய் வந்துட்டிருந்தேன். மூணாவது நாள் கடை சாத்தற நேரத்துல போய் முழுசையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் பாங்காக்ல இருக்கிற தம்பிக்கு போன் போட்டாங்க. அப்பா அவருக்கு அப்பப்ப மின்னஞ்சல்ல அனுப்பினது இருந்துச்சு. கெட்டுப்போன 150-ல 103 அதுல கிடைச்சது. மீதி 47-ல ரெண்டே தடவை மாறின 19 கோப்பை நானும் அக்காவும் உட்கார்ந்து வரி வரியா மீட்டோம். அவங்க "இது அப்பா சொல்ற வார்த்தை இல்லையே, இப்படித்தான் சொல்வார்"னு சொல்லச் சொல்ல நான் திருத்தினேன். மூணு வாரம், கரண்ட் இருக்கிற ராத்திரி எல்லாம். என் பர்மியம் நல்லா முன்னேறிடுச்சு.

28 கோப்பு போயே போச்சு. அதுல நாலு 1964-ஐப் பத்தினது.

அந்த வேலை நடக்கும்போது ஒரு நாள் அக்கா சொன்னாங்க: "அப்பா கடைக் கணக்கை முதல்ல பென்சில்லதான் எழுதுவார் தம்பி. ராத்திரி கூட்டிப் பார்த்து சரியா வந்தாத்தான் பேனா." அவங்க என்னைக் குத்திக் காட்டச் சொல்லல, அப்பாவை நினைச்சுச் சொன்னாங்க. ஆனா என்னோட ஸ்கிரிப்ட்ல வெள்ளோட்டத்துக்கு இப்ப "பென்சில்"னு பேர் வச்சிருக்கேன்.

சரி மக்களே. உங்க எடிட்டர்ல ரன் பட்டனை எங்க வச்சிருக்கீங்க, அது எதைத் தொடுதுன்னு இன்னைக்கு ஒரு தடவை பாருங்க. இதே மாதிரி அனுபவம் இருந்தா வெட்கப்படாமப் பின்னூட்டத்துல கொட்டுங்க, கம்பெனிக்கு ஆள் வேணும்.

டிஸ்கி: அந்த 28-ல ஒண்ணு ரெண்டையாவது எழுத்துப் புள்ளிவிவரத்தை வச்சு ஊகிச்சு மீட்க முடியுமான்னு பார்த்துட்டிருக்கேன். இதுல வேலை பார்த்த அனுபவம் உள்ளவங்க ஒரு மடல் போடுங்க. நகல்லதான் வேலை பார்ப்பேன், சத்தியமா :-)